செம்பில் வெட்டிய நகரங்கள்

கடவுளின் கட்டளைப்படி ஒரு நகரத்தின் படத்தைக் கீறி வைத்தவர் யார் என்று கேட்டால், விவிலியம் நன்கறிந்தவர்களும் சற்றே தயங்குவார்கள். எசேக்கியேல் நூலின் நான்காம் அதிகாரத்தில் விடை இருக்கிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த அந்த இறைவாக்கினர் ஒரு செங்கல்லைத் தம்முன் வைத்து, அதன்மேல் எருசலேம் நகரை வரையவேண்டும். வரைந்தபின் அதற்கெதிராக முற்றுகை மேடும் பாசறைகளும் அமைத்துக் காட்டவேண்டும். எசேக்கியேல் குருகுலத்தில் பிறந்தவர். தாம் நேசித்த, தம்மால் திரும்பிச் செல்ல முடியாத நகரைத் தம் விரலாலேயே கீறி, அதையே முற்றுகையிடவும் வேண்டியிருந்த அவருடைய வேதனையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு நகரை மேலிருந்து பார்த்து வரைகிறவன் அதை நேசிப்பதற்காக வரைகிறானா, வளைத்துப் பிடிப்பதற்காக வரைகிறானா என்னும் கேள்வி அந்தச் செங்கல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

இக்கேள்வி எனக்குள் புகுந்தது குருமட நாள்களில். திருச்சபை வரலாறு கற்பித்த எங்கள் பேராசிரியர் ஒருநாள் பெரிய தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். கடலோரத்தில் ஓர் ஊர்; கரையில் கட்டப்படும் மரக்கலங்கள்; யானைகள்; பின்னால் வீடுகளும் மரங்களும். கோழிக்கோட்டின் படம் அது. ஐரோப்பாவில் 1572ஆம் ஆண்டு அச்சான ஒரு நூலின் மறுபதிப்பிலிருந்து எடுத்தது. "இந்நூலைத் தொகுத்தவர் உங்களைப் போல இறையியல் படித்த குரு" என்று சொல்லிவிட்டு, அவர் அன்றைய பாடத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை.

அந்தக் குரு கொலோன் நகரத்து கியோர்க் பிரவுன். செப்புத்தகட்டில் படங்களை வெட்டியவர் பிரான்ஸ் ஹோகன்பெர்க். ஊர் ஊராகச் சென்று வரைந்து தந்தவர்களுள் யோரிஸ் ஹூப்னாகல் தலையாயவர். உலக நகரங்கள் என்னும் பொருள்பட இலத்தீனில் பெயரிட்ட அத்தொகுப்பு 1572இல் தொடங்கி 1617இல் ஆறாம் தொகுதியோடு முடிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரக் காட்சிகள் அதில் உள்ளன. கோழிக்கோடு, கண்ணூர், கோவா, தியூ ஆகிய நம் நாட்டு ஊர்களும் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றன. பார்ப்பவர் எல்லாத் தெருக்களுக்குள்ளும் நோக்கவும், கட்டடங்களையும் வெளிகளையும் ஒருங்கே காணவும் இயலுமாறு நகரங்கள் வரையப்பட வேண்டும் என்பது பிரவுனின் கொள்கை. பக்கத்தில் நின்று பார்த்தால் முன்வரிசை வீடுகள் பின்வரிசையை மறைக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் கூரைகள் மட்டுமே தெரியும். ஆகவே வானில் சாய்வாக ஓரிடத்தைக் கற்பித்துக்கொண்டு, பருந்து வட்டமிடும் உயரத்திலிருந்து நோக்குவதுபோல அவர்கள் வரைந்தார்கள்.

வாசகர் இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மனிதன் முதன்முதலாகக் கூண்டு கட்டிய பலூனில் வானேறியது 1783இல்தான். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய படங்கள் பிறக்கத் தொடங்கிவிட்டன. அப்படியானால் அந்த உயரத்தில் யார் நின்றார்கள்? ஒருவரும் நிற்கவில்லை. ஓவியர்கள் ஆலய மணிக்கூண்டுகளில் ஏறினார்கள். ஒரு கூண்டிலிருந்து தெரிந்ததை வரைந்துகொண்டு இறங்கி, அடுத்த கூண்டில் ஏறினார்கள். தெருக்களின் நீளத்தைக் காலடியால் அளந்தார்கள். இவ்வாறு துண்டு துண்டாகத் திரட்டியவற்றை ஒரே பார்வையில் இணைத்தது அவர்களுடைய மனக்கண். வெனிசு நகரை யாக்கோப்போ தெ பார்பரி வரைந்து, 1500ஆம் ஆண்டில் ஆறு மரக்கட்டைகளில் வெட்டி அச்சிட்ட படம் ஏறத்தாழ 9 அடி நீளம். அதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன என்று அதை வெளியிட்ட வணிகர் கோல்ப் நகர ஆட்சிக்கு எழுதிய விண்ணப்பத்தில் குறிப்பிட்டார். கட்டைகள் இன்றும் வெனிசு அருங்காட்சியகத்தில் உள்ளன. மேலிருந்து பார்த்ததாகத் தோன்றும் அப்படம் முழுவதும் கீழே நடந்து நடந்து சேர்த்த உழைப்பு. வீடு சந்திப்புக்குப் புறப்படும் பங்குக் குருக்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு என்று நான் சொன்னால் என் உடன் குருக்கள் சிரிக்கக்கூடும்.

மரத்தைவிட நுட்பமானது செம்பு. அந்த வேலையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். செப்புத்தகட்டை அடித்துத் தட்டையாக்கி, மரக்கரியால் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுவார்கள். அதன்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு. வரைந்த தாளை அதன்மேல் வைத்துக் கோடுகளைப் பதித்துக்கொண்டு, கூர்முனை கொண்ட சிற்றுளியை உள்ளங்கையில் ஊன்றித் தள்ளி வெட்டத் தொடங்குவார்கள். வளைகோடு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை, தகட்டைத்தான் திருப்புவார்கள். வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் எழும் பிசிரைச் சுரண்டி நீக்கவேண்டும். அமிலம் ஊற்றி அரிக்கச் செய்யும் முறையும் உண்டு. அது விரைவானது, ஆயினும் கோட்டின் கூர்மை சற்றுக் குறையும். எல்லாவற்றையும் இடவல மாற்றி வெட்டவேண்டும் என்பதே பெருந்தொல்லை. ஆறு இடப்பக்கம் ஓடுமானால் தகட்டில் அது வலப்பக்கம் ஓடவேண்டும். ஊர்ப்பெயர்களைத் தலைகீழ்க் கண்ணாடியில் எழுதுவதுபோல எழுதவேண்டும். பிழை நேர்ந்தால் அவ்விடத்தைச் சுரண்டித் தேய்த்து, தகட்டின் பின்புறத்தில் சுத்தியலால் தட்டி, பள்ளமான இடத்தை மேடாக்கி, மீண்டும் வெட்டவேண்டும்.

செம்பில் எழுதுவது நமக்குப் புதிதன்று. எங்கள் விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987ஆம் ஆண்டு கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து 15 செப்பேடுகள் வெளிப்பட்டன. முதலாம் இராசேந்திர சோழனின் காலத்தவை. கோயிலுக்கு நிலம் விடும்போது அதன் நான்கெல்லைகளை, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன ஏரிக்கரைக்கு வடக்கு என்று வரிவரியாகச் செம்பில் வெட்டிவைப்பது சோழர் வழக்கம். பெண் யானை ஒன்றை எல்லை வழியே நடத்தி, அது சூழ்ந்து வந்த வழியையே எல்லையாகக் குறிப்பதும் உண்டு. 'பிடி சூழ்ந்து' என்பது அந்நாளைய ஆவணச் சொல். செம்பு ஒன்றே, உளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நம் முன்னோர் ஊரைப் பறவையின் கண்ணால் பார்க்கவில்லை. யானையின் காலால் அளந்தார்கள். நம் ஏட்டில் எழுத்து நேராக இருக்கிறது, ஏனெனில் அந்த ஏடே இறுதி ஆவணம். கொலோனில் எழுத்து இடவலம் மாறியிருக்கிறது, ஏனெனில் தகடு வெறும் தாய். ஆயிரம் தாள்கள் அதன் பிள்ளைகள்.

தகட்டைச் சூடாக்கி மை தடவி, மேற்பரப்பைத் துணியால் துடைத்தெடுப்பார்கள். பள்ளத்தில் மட்டும் மை தங்கும். கடைசித் துடைப்புக்குத் துணி ஆகாது. சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால்தான் துடைக்கவேண்டும். பின் ஈரத்தாளை விரித்து இரு உருளைகளுக்கிடையே அழுத்திச் செலுத்துவார்கள். நாள்தோறும் நூறு தாள் இழுக்கும் அச்சுத் தொழிலாளியின் உள்ளங்கை ரேகைகளில் எத்தனை நகரங்களின் மை ஊறியிருக்கும்! எசாயா நூலின் 49ஆம் அதிகாரத்தில், கைவிடப்பட்டதாக அழும் சீயோனிடம் ஆண்டவர் அவளைத் தம் உள்ளங்கைகளில் பொறித்திருப்பதாகவும், அவள் மதில்கள் எப்போதும் தம் கண்முன் நிற்பதாகவும் கூறுகிறார். நகரின் மதில்களைக் கையில் பொறித்தல் என்பது கவிஞனின் மிகைக்கூற்று என்றே நெடுநாள் கருதியிருந்தேன். இந்தத் தொழிலைப் பற்றிப் படித்தபின் அது எனக்கு வேறாகக் கேட்கிறது.

இத்தனை பாடு எதற்காக? பிரவுன் தரும் விடைகளுள் ஒன்று, பயணத்தின் ஆபத்தும் செலவுமின்றி வீட்டிலிருந்தபடியே உலகைக் காணலாம் என்பது. தங்கள் ஊர் விடுபட்டிருந்தால் அதன் படத்தை அனுப்பிவைக்குமாறும் அவர் வாசகரை அழைத்தார். நகரத்தார்க்கோ பெருமை: எங்கள் மதில், எங்கள் பேராலயம். ஆனால் அச்சமும் இருந்தது. இப்படங்கள் துருக்கியப் படைகளின் கையில் கிடைத்தால் என்னாவது? பிரவுன் ஓர் உபாயம் சொன்னார். படத்தின் முன்புறத்தில் அவ்வூர் ஆண்களும் பெண்களும் தத்தம் உடையில் நிற்பதுபோல வரைந்திருப்பதால், உருவங்களை ஏற்காத துருக்கியர் இந்நூலைத் தொடமாட்டார்களாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோட்டையைப் பிடிக்க வருகிறவன் படத்தில் மனிதர் நிற்கிறார்கள் என்று திரும்பிப் போவானா? ஆயினும் அந்த உபாயத்தால் ஒரு நன்மை விளைந்தது: வெறும் கல்லும் மதிலுமாக இருந்திருக்கக்கூடிய படங்களில் மக்கள் வந்து நின்றார்கள்.

செபத்துக்காகவும் இக்கலை பயன்பட்டது. மைன்ஸ் பேராலயத்துக் குரு பிரைடன்பாக் 1483இல் புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்றபோது ரொய்விக் என்ற ஓவியரைத் தம்மோடு அழைத்துச் சென்றார். 1486இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் எருசலேமின் விரிந்த காட்சி மரக்கட்டை அச்சில் உள்ளது. புனித நாட்டின் மற்றப் பகுதிகளைக் கடற்பக்கமிருந்து கிழக்கு நோக்கிக் காட்டும் அப்படம், எருசலேமை மட்டும் எதிர்த்திசையில், ஒலிவ மலையிலிருந்து பார்ப்பதுபோலத் திருப்பிக் காட்டுகிறது. நில அளவையர் இதைப் பிழை என்பார். நம் ஆண்டவர் அந்நகரைப் பார்த்து அழுததாக லூக்கா எழுதுவது அந்த மலைச்சரிவில்தான் என்பதை அறிந்த திருப்பயணி அப்படிச் சொல்லமாட்டார். பின்னர் இயேசு சபையின் நடால் அடிகள் தொகுத்த நற்செய்திப் படநூல், அவர் இறந்தபின் 1593இல் அண்ட்வெர்ப்பில் வெளியாயிற்று. அதில் 153 செப்புத்தகட்டுப் படங்கள். (யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வலையில் சிக்கிய மீன்களின் எண்ணும் அதுவே, தற்செயலாகவும் இருக்கலாம்.) படத்தில் இங்கு 'அ', அங்கு 'ஆ' என்பதுபோல எழுத்துகளைப் பொறித்து, கீழே அவற்றுக்கு விளக்கம் தருவார்கள். நகரப் படங்களிலும் இதே முறைதான். கண் ஓர் இடத்தில் நிற்க, மனம் அங்கே நடந்து செல்ல வேண்டும். இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் இடத்தை மனக்கண்ணில் அமைத்துக்கொள்ளும் படியும் அதுவன்றோ!

ஆனால் செங்கல்லின் மறுபக்கமும் விரைவில் நிறைவேறியது. கோவாவில் 1583 முதல் ஐந்தாண்டு பேராயரிடம் எழுத்தராகப் பணிபுரிந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சு இளைஞர், தாயகம் திரும்பி 1596இல் வெளியிட்ட நூலில் கோவா நகரின் மேற்பார்வைப் படம் இடம்பெற்றது. தெருக்கள், ஆலயங்கள், மடங்கள், நெருங்கிய வீடுகள் எல்லாம் அதில் உண்டு. அந்நூல் தந்த கடல்வழிச் செய்திகள் டச்சுக் கப்பல்களுக்கு வழி திறந்தன. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் வசமாயின. பேராயரின் இல்லத்தில் மை தொட்ட பேனா என்னென்ன செய்துவிட்டது! அப்படத்தில் காணும் கோவா வீடுகளோ இன்று இல்லை. கொள்ளை நோய்களால் மக்கள் வெளியேறி, தென்னைகளுக்கு நடுவே ஆலயங்கள் மட்டும் நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுச் சீர்திருத்த சபைப் போதகர் பால்டேயுஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெருநூல் வெளியிட்டார். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களின் செப்புத்தகட்டுக் காட்சிகள் அதில் உள்ளன. எனினும் என் கண்ணை நிறுத்தியவை தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை போன்ற யாழ்ப்பாணச் சிற்றூர்களின் ஆலயப் படங்கள். ஆலயம், அதையொட்டிய வீடு, பனைகள், முற்றத்தில் சில மனிதர். போர்த்துக்கீசியர் காலத்தில் நம் மறைபரப்பாளர்கள் தமிழ் மக்களோடு எழுப்பிய ஆலயங்கள் அவை. படம் வெட்டப்பட்டபோது அவை வேறு சபையாரின் பள்ளியும் தொழுகைக்கூடமுமாக மாறியிருந்தன. கத்தோலிக்கக் குருக்கள் அங்கே கால்வைக்கத் தடை. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தது இந்த நிலையில்தான்; 2015 சனவரி 14 அன்று கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களே அவற்றின் உருவத்தைக் காத்தும் தந்தார்கள். நன்றி சொல்வதா, வருந்துவதா? நான் இரண்டையும் செய்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 1597இல் இயேசு சபை மேற்பார்வையாளர் பிமெந்தா அடிகள் செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். இந்தியாவில் தாம் கண்டவற்றுள் மிகப் பெரிய நகரம் இது, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கலின் எந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்று அவர் எழுதினார். நகர நடுவே நகரம்போல ஒரு கோட்டை, நீர் நிறைந்த அகழி, அதன் நடுவே அரணாக்கிய பாறை என்று அவருடைய சொற்கள் படம் வரைகின்றன. செப்புத்தகடு வெட்டுகிறவர் அவருடன் வந்திருக்கலாகாதா என்று ஏங்குவேன். பின்வந்தவர்களில் பலர் முற்றுகையிட வந்தவர்கள்: 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துச் சென்றவை. செஞ்சியை அடியடியாக நடந்து அளந்து அதன் வளர்ச்சியை வரைபடங்களாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ். அவருடைய நூல் 2005இல் புதுச்சேரியில் வெளியானது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சியையும் சேர்த்தது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழி செல்லும் சாலைக்குச் சற்று உள்ளே இருக்கிறது எங்கள் கிளைக்கிராமம். அதன் ஆலயத்துக்கு 2023இல் வெள்ளிவிழா. மலருக்கு ஊரின் மேற்பார்வைப் படம் ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்கு. இப்போது ஆளில்லாச் சிறுவிமானம் வைத்து அரைமணியில் எடுத்துவிடலாம் என்றனர் இளைஞர்கள். எடுத்தும் பார்த்தோம், தகரக்கூரைகளின் ஒளியும் மரங்களின் நிழலுமே தெரிந்தன, எந்த வீடு யாருடையது என்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் முன்வந்தார். இரண்டு மாதம் குறிப்பேட்டோடு அவர் தெருத்தெருவாக நடந்தார்.

சிக்கல் எழுந்தது எந்தத் திசையிலிருந்து பார்ப்பது என்பதில். ஆலயம் கிழக்கே சாலையை நோக்கியது. மேற்கே ஏரி வாய்க்காலுக்கு அப்பால் காலனி. எங்கள் பங்குமக்களில் பாதிப்பேர் அங்கேதான் வாழ்கின்றனர். சாலையிலிருந்து பார்த்து வரைந்தால் ஆலயம் கம்பீரமாக முன்னால் நிற்கும்; காலனி தாளின் மேல்விளிம்பில் புள்ளிகளாகத் தேயும். மேற்பார்வைப் படத்தின் இலக்கணமே அருகிலிருப்பது பெரிதாகத் தெரியும் என்பதுதான். ஆசிரியர் எவரிடமும் கேட்காமல் தென்மேற்கிலிருந்து வரைந்துகொண்டு வந்தார். வாய்க்காலும் காலனியும் முன்னால், ஒவ்வொரு வீடும் திண்ணையோடும் வேலியோடும். ஆலயம் நடுவே, முதுகைக் காட்டியபடி.

விழாக்குழுவில் மூத்தவர் ஒருவர் முகம் சுருங்கியது. "சாமி, கோவிலோட முகமே தெரியலீங்களே. மலரைப் பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"கோவில் எங்க ஓடிப்போகுது பெரியவரே? தெரியுதே" என்றேன்.

அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கூட்டம் இருமுறை முடிவின்றிக் கலைந்தது. மூன்றாம் முறை கூடியபோது காலனியிலிருந்து குழுவில் இருந்த இருவரும் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் போனேன்; அவர்களில் ஒருவர், "எங்களைப் பின்னால போட்டாலும் பரவாயில்ல சாமி, சண்டை வேணாம்" என்றார். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படம் ஆசிரியர் வரைந்தபடியே அச்சாகும் என்று அன்று மாலை அறிவித்தேன். ஒரு சமரசம் மட்டும் செய்தோம். பழைய நகரப் படங்களில் தலைமை ஆலயத்தின் முகப்பைப் பார்ப்பவர் பக்கமாகச் சற்றே திருப்பி வரைவதுண்டு என்று ஆசிரியரிடம் சொன்னேன். "பொய்யாகாதா சாமி?" என்று கேட்டுவிட்டு, கோபுரத்தை மட்டும் கொஞ்சம் திருப்பினார். மூத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின், தம் வீட்டு வைக்கோற்போர் சிறியதாக இருக்கிறது என்று மட்டும் குறை சொன்னார்.

வீடுகளுக்கு எண் இட்டு, கீழே குடும்பப் பெயர்களை எழுதினோம். மலர் வந்தது, விழாவும் முடிந்தது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை; விழுப்புரம் மாவட்டமே நீரில் மிதந்தது. எங்கள் வாய்க்கால் உடைத்துக்கொண்டு காலனிக்குள் புகுந்தது. நிவாரணப் பட்டியல் வந்தபோது அதில் 11 வீடுகள் இல்லை. சில வீடுகள் இடிந்து, இருந்த தடமே அழிந்துவிட்டதால் வீடு இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். எங்கள் வேதியர் வெள்ளிவிழா மலரைப் பையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். படத்தில் எண், கீழே பெயர், மலரில் அச்சான ஆண்டு. அதை ஆவணமாக ஏற்பதா என்று அலுவலகத்தில் நெடுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒருவர் நேரில் வந்து, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்தார். எட்டு வீடுகள் பட்டியலில் ஏறின.

மற்ற மூன்றும் மலர் வெளிவந்தபின் கட்டியவை. அவற்றுக்காக இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சென்ற மாதம் ஓவிய ஆசிரியர் பங்கு இல்லத்துக்கு வந்து, பழைய மூலத்தாளைக் கேட்டு வாங்கினார். செம்பாக இருந்தால் பின்புறம் தட்டிச் சீராக்கியிருக்கவேண்டும், தாள்தானே. வராந்தா மேசையில் அதை விரித்து, வாய்க்காலின் வளைவருகே வேப்பமரம் இருந்த இடத்தை அழித்தார். புயலில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் பென்சிலால் முதல் வீட்டின் சுவரை எழுப்பத் தொடங்கியவர், நிமிர்ந்து, "சாமி, இந்த வீட்டுக்கு வாசல் தெற்கா, கிழக்கா?" என்று கேட்டார். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கக் கிளம்பினோம்.